நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஜிப்ஸி

தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் காபித் தோட்டத்துக்குப் பிரியும் மண் பாதையில் ஒரு ஏற்றம் இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் அதைச் ‘சறுக்கு’ என்பார்கள். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் அந்தச் செம்மண் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. அப்பா காலத்தில் மழை பிடித்துவிட்டால் வண்டியைக் கீழேயே போட்டுவிட்டு, காபி மூட்டையைக் குதிரையில் ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டுவருவோம். போன ஐப்பசியில் அதே சறுக்கில், பின்னால் ஆறு மூட்டையோடு, லோ கியரில் இரண்டாவது போட்டு, ஆக்சிலேட்டரில் கால் பட்டும் படாமலும் ஏறினேன். வண்டி வழுக்கவில்லை, திணறவில்லை. படியேறும் பாட்டி மாதிரி அடிமேல் அடி வைத்து, நின்று நிதானித்து ஏறியது. மேலே வந்ததும் இறங்கிப் போய்ப் பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். மழை பட்டு அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. 2001-இல் பதிவான மாருதி ஜிப்ஸி அது. ஓடியது மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல்.

இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்று 2022-இல் நான் தூக்கம் கெட்டு அலைந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் எவ்வளவு பெரிய சந்தோஷத்தைத் தவறவிட்டிருப்பேன்!

அப்பா போன பிறகு தோட்டம் என் கைக்கு வந்தது. கீழே வத்தலக்குண்டில் வீடு, மேலே தோட்டம். நவம்பரிலிருந்து காபிப் பழம் எடுப்பு, மாசி பங்குனியில் மிளகு, வருடம் முழுக்க மலைவாழை. வாரத்தில் நாலு நாளாவது மலையேற வேண்டும். எனக்கு ஒரு ஃபோர் வீல் வண்டி தேவை, கையில் மூன்று லட்சத்துக்கு மேல் இல்லை. அந்தப் பணத்துக்குப் பழைய வண்டிதான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பழசு வரைக்கும் துணியலாம் என்பதுதான் கேள்வி.

எங்கள் மலையில் மஹிந்திரா ஜீப்புகளுக்குத்தான் ராஜ்யம். அவற்றின் மேல் எனக்கு மரியாதை நிறைய உண்டு. ஆனால் சின்ன வயதில் வனத்துறை ரேஞ்சர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு ஜிப்ஸியில் வந்து இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து என் மனசு அதனிடம் போய்விட்டது. அந்த நெடுநெடு நிமிர்வு, சதுர முகம், வட்ட விளக்கு, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி! 1985-இல் 970 சி.சி. இன்ஜினும் நாலு கியருமாக இந்தியாவுக்கு வந்த வண்டி. 1996-இல் 1,298 சி.சி. இன்ஜினோடு ‘ஜிப்ஸி கிங்’ ஆனது. 2000-இல் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீச்சிக் கொடுக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 குதிரைசக்திக்கு உயர்ந்தது. ராணுவம், போலீஸ், வனத்துறை என்று நாடு முழுக்க உழைத்துவிட்டு 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் அடிப்படை உருவம் மாறாமல் ஒரு வண்டி விற்றிருக்கிறது என்றால் அதில் எவ்வளவு சரியாக யோசித்திருக்க வேண்டும்!

முதலில் பார்க்கப் போனது மதுரையில் ஒரு ஜிப்ஸி. மீட்டரில் 61,000 கிலோமீட்டர்தான். ‘அடிக்கவே இல்ல, போர்ட்டிகோவிலேயே நின்ன வண்டி’ என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு வாயெல்லாம் பல். கூட வந்த மெக்கானிக் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கிறவர் அவர். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசம் இல்லை, வார்னிஷ் வாசம். கீழே குனிந்து பார்த்தால் ஆயில் சீல்கள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. ஒரே இடத்தில் ஆறு வருடம் நின்றதில் டயர் ஒரு பக்கம் தட்டையாகி இருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுத்தது.

“தங்கச்சி, ஓடுன வண்டிக்கு வைத்தியம் இருக்கு. நின்ன வண்டிக்கு என்ன வியாதின்னு ஓட்டுனாத்தான் தெரியும்” என்றார்.

இரண்டாவது, பச்சை அடித்த ஒரு சாஃப்ட் டாப். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் இருந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்தது என்றார். மேலே பளபளப்பு, அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு. அண்ணன் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியை எடுத்துச் சேசிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங் என்று வந்த சத்தம் பின் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடத்துக்கு வந்ததும் ‘பொத்’ என்றது. நகத்தால் சுரண்டினார், பூச்சோடு துருவும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஏலத்தில் எடுத்ததற்கான காகிதத்தைக் கேட்டால் ‘வந்துடும், வந்துடும்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அன்று திண்டுக்கல் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பச்சை அவ்வளவு அழகு.

மூன்றாவதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

பட்டிவீரன்பட்டியில் ஒரு பெரியவர். எழுபது தாண்டியவர், காபி வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். வெள்ளை ஜிப்ஸி கிங், ஹார்டு டாப், எம்.பி.எஃப்.ஐ., முதல் நாளிலிருந்து அவர் பெயரில். “எவ்வளவு ஓடியிருக்குங்க ஐயா?” என்றேன். கொஞ்சமும் தயங்காமல், “ரெண்டு லட்சத்து எம்பத்தேழாயிரம் தாயி” என்றார். பின்னால் நின்ற என் அத்தான் என் முழங்கையை இடித்தார், போகலாம் என்று. பெரியவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு மாதிரி நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர்கள் வைத்திருக்கும் நீளப் பேரேடு, சிவப்புத் துணி முதுகு. மேலே பிள்ளையார் சுழி. 2001-இலிருந்து அந்த வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினது, எவ்வளவு ஆனது என்று நீல மையில் வரிசையாக இருந்தது. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில். டைமிங் பெல்ட் எப்போது, கிளட்ச் எப்போது, ரேடியேட்டர் அடைப்பு எடுத்தது எப்போது, எல்லாம். மீட்டர் கேபிள் அறுந்து பதினோரு நாள் ஓடியதைக்கூட உத்தேசமாகக் கணக்குப் போட்டுச் சேர்த்திருந்தார். ‘மழை. சித்தரேவு ஓடையில் தண்ணீர் பாய்ந்தது. மறுநாளே நாலு ஹப்பும் பிரித்து கிரீஸ்’ என்று ஒரு வரி. அதைப் படித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. ஓடையில் இறங்கின வண்டியை மறுநாளே பிரித்துப் பார்க்கிற மனுஷன்! அந்த ஒரு வரிக்கே நான் காசு கொடுத்திருப்பேன்.

அண்ணன் நோட்டைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. “காலையில ஸ்டார்ட் பண்ணாம வைங்க ஐயா, நாங்க வந்து பண்றோம்” என்று சொல்லிவிட்டு மறுநாள் விடிய ஆறு மணிக்கே போய் நின்றார். முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. யாராவது முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் நோய் மறைந்துவிடுமாம். சாவியைத் திருப்பினார், இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. சைலன்சர் வழியே லேசாக நீலப் புகை வந்து ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. “வால்வு சீல் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல” என்றார். ஆயில் மூடியின் உள்பக்கம் தயிர் மாதிரி படிந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்படி இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று பொருள். அது சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்ததில் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. 2,87,000 கிலோமீட்டருக்குப் பிறகு!

அப்புறம் அடியில் படுத்தார். நானும் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டேன். அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றது கொஞ்சமல்ல. ஜிப்ஸியில் கியர் பாக்ஸ் தனி, முன் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். ஆக மொத்தம் மூன்று ஷாஃப்ட். ஒவ்வொன்றின் இரு முனையிலும் உள்ள ‘கிராஸ்’ என்ற மூட்டைக் கையால் முறுக்கி ஆட்டம் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. ரப்பர் செத்துப்போனால் கிளட்சை விடும்போதெல்லாம் ‘டொக்’ என்று இடிக்கும். பெட்டியே போய்விட்டது என்று பயந்து வண்டியைத் தள்ளிவிட்டவர்கள் உண்டாம், மாற்ற வேண்டியது அந்த ரப்பர் துண்டுகளை மட்டும்தான்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் அது, கிங்பின் பேரிங் தேய்வது. அறுபது எழுபது வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறும், ஓட்டுகிறவருக்கு உயிர் போய் உயிர் வரும். முன் ஆக்சில் உருண்டையைச் சுற்றியிருக்கும் சீல் கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தது. எல்லாவற்றையும் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தார். உள்ளே தரை விரிப்பைத் தூக்கினோம். டிரைவர் கால் வைக்கும் தகரத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியே சிமென்ட் தரை தெரிந்தது. அத்தான் மறுபடி என் முழங்கையை இடித்தார்.

கடைசியாகச் சுத்தி. ணங், ணங், ணங், ணங். முன்னாலிருந்து பின்னால், இடது, வலது, குறுக்குச் சட்டம், கமான் மாட்டும் இடம், ஷாக்கிள், எங்குமே அந்தப் ‘பொத்’ வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கோயில் மணியோசை மாதிரிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தகரத்தில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைக்கலாம், பேரிங் போனால் பேரிங் வாங்கலாம். ஜிப்ஸியின் உயிர் அந்த ஏணி மாதிரியான சேசிஸில் இருக்கிறது. அது திடமாக இருந்தால் மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலைதான்.

ஓட்டிப் பார்க்கத் தார் ரோட்டை விட்டு மருதாநதி அணைப் பக்கம் மண் பாதைக்குப் போனோம். ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் திருப்பவே கூடாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். நடுவில் அதை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் இல்லாததால் ஷாஃப்டெல்லாம் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விடுவித்துவிடும். முன் சக்கர ஹப்பை ‘லாக்’ பக்கம் திருகி, லோ கியரில் போட்டு, ஒரு இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டார் அண்ணன். வண்டி நடந்துதான் இறங்கியது, ஓடவில்லை. பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சிறுவன் எங்களை முந்திப் போனான். லோவில் போட்ட லிவர் தெறித்து வெளியே வருகிறதா என்று அந்த இறக்கத்தில்தான் பார்க்க வேண்டுமாம். கல்லில் அடித்த ஆணி மாதிரி நின்றது லிவர்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“வேலை இருக்கு தங்கச்சி. அறுபது எழுபதாயிரம் ஆகும். ஆனா வண்டி பொய் சொல்லல.”

பெரியவர் இரண்டே முக்கால் சொன்னார், இரண்டு நாற்பதுக்கு முடிந்தது. பேரம் பேசும்போது அண்ணனின் சாக்கட்டிக் குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதையும் அவர் மறுக்கவில்லை, இரண்டை அவரே கூடுதலாகச் சொன்னார்! ஆர்.சி. புக்கை விரித்துச் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து ஒத்துப் பார்த்தோம். கடன் பாக்கி எதுவும் இல்லை. பதினைந்து வருடம் முடிந்து 2016-இல் ஒரு தடவை, 2021-இல் ஒரு தடவை புதுப்பித்திருந்தார். பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து இந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகே வண்டியின் அழகைப் பாருங்கள். எனக்கு அந்தப் பச்சை வண்டி கற்றுக்கொடுத்தது அது.

வேலை மொத்தம் 68,000 ரூபாய் ஆனது. கிங்பின் பேரிங் இரண்டு பக்கமும், சீல்கள், கிளட்ச், டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர்கள், தரைத் தகரத்துக்கு வெல்டிங், நாலு டயர். உதிரிப் பாகம் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். இந்த 1.3 லிட்டர் இன்ஜின் குடும்பம்தான் மாருதி எஸ்டீமிலும் இருந்தது. அதனால் இன்ஜின் சாமான் பலவும் சாதாரணக் கடையிலேயே கிடைத்தது. கமான் பட்டையை வத்தலக்குண்டில் கண்ணை மூடிக்கொண்டு கட்டித் தருகிறார்கள். இப்போது ஆயில் மாற்றுவது, ஹப் கிரீஸ் வைப்பது, கிராஸ் மாற்றுவது எல்லாம் நானே செய்கிறேன். திறந்து பார்த்தால் எதற்கு எது என்று கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம் இது. அப்படி ஒன்றோடு பழகுவதில் இருக்கிற நிம்மதியை எப்படிச் சொல்வேன்! அம்மியும் ஆட்டுக்கல்லும் மாதிரி, ஏன் இப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

பவர் ஸ்டியரிங் கிடையாது. நிறுத்தும்போது தோள் வலிக்கத்தான் செய்கிறது. கமான் என்பதால் காலி வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து பயணம் செய்கிறவர் தலை கூரையில் முட்டும். மூட்டை ஏற்றிவிட்டால் பல்லக்கு மாதிரி அமைதியாகிவிடும். பெட்ரோல் மலையில் லிட்டருக்கு 9, கீழே 12. மழையில் கதவு ஓரமாகத் தண்ணீர் சொட்டும். இதில் ஒன்றையாவது மாற்ற வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. 2023-இல் மாருதியின் ஜிம்னி புதிதாக வந்தபோது போய் ஓட்டியும் பார்த்தேன். அருமையான வண்டி, ஜிப்ஸியின் ரத்தம். ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் என் வெள்ளைக்காரியைத் துடைத்துப் பொட்டு வைத்தேன்.

இதன் மகிமையெல்லாம் எடையில் இருக்கிறது. ஒரு டன்னைச் சுற்றித்தான் வரும். கனமான வண்டி சேற்றைப் பிளந்து அமிழும் இடத்தில் இது மேலோடு மேலாகக் கடந்துவிடும். அப்படியே மாட்டினாலும் நாலு பேர் தோள் கொடுத்தால் போதும். சாதாரணச் சுசூகிதானே என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்கிற ஒரு சேதி உண்டு. 2007 ஏப்ரலில் சிலி நாட்டுக்காரர்கள் இருவர் ஓஜோஸ் டெல் சலாடோ என்ற எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை நாலு சக்கர வண்டியில் ஏறி அப்போதைய உலக சாதனை செய்தார்கள். அவர்கள் ஓட்டியது 1986-ஆம் வருடத்துச் சுசூகி சாமுராய். மலைக்காக மாற்றியமைத்ததுதான், ஆனாலும் இருபது வருடம் பழைய வண்டி, எங்கள் ஜிப்ஸியின் கூடப்பிறந்தது! அதைப் படித்த அன்று இரவு தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். மேஸ்திரி அக்கா, “அப்ப நம்ம சறுக்கு என்னத்துக்கு ஆகும்?” என்றார்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம், பெரும்பாறைக்கு மேலே மூடுபனி இறங்கிவிட்டது. வளைவில் திரும்பினால் பாதை நடுவே காட்டுமாடுகள், ஏழெட்டு. இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். அவை மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய காளை பக்கத்தில் வந்து ஸ்டெப்னியை மோந்து பார்த்துவிட்டுப் போனது. இருபது நிமிஷம் இருந்திருக்கும். எல்லாம் கடந்து போன பிறகு சாவியைத் திருப்பினேன். அந்தக் குளிரில், அந்த இருட்டில், இரண்டே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்ட சத்தம் இருக்கிறதே, அதைவிட இனிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

நோட்டை நான்தான் தொடர்கிறேன், அதே வரிசையில், நீல மையிலேயே. பெரியவரிடமிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை போன் வரும், அவருக்கு எப்படித்தான் கணக்குத் தெரியுமோ. “ஆயில் மாத்தினியா தாயி?” என்பார். நேற்றும் வந்தது. “மாத்திட்டேன் ஐயா, மூணு லட்சத்துப் பதினாலாயிரம்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “நாளைக்கு மேல போறப்ப என்னையும் ஏத்திக்கிட்டுப் போறியா?” என்றார்.

காலை ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. இப்போதே போய் ஹப்பை லாக் செய்துவிட்டு, முன் சீட்டில் இருக்கும் மண்வெட்டியைப் பின்னால் எடுத்துப் போட வேண்டும்.